பன்னிரண்டு மைல் ஒரு பர்லாங்

சூளை அணைந்த ஆண்டில், குடியிருப்பிலிருந்து ரயில் நிலையத்துக்குப் போகும் சாலை ஆறு பர்லாங் நீண்டது. அதுவரை சரியாக மூன்று மைல் இருந்தது. முதலில் கவனித்தவள் தபாலக்காதான். மற்றவர்கள் தேவைப்பட்டபோது போய் வருகிறவர்கள். தினமும் போய்த் தினமும் திரும்புகிறவள் அவள் ஒருத்தி. மாலை ஏழு மணி வண்டிக்குத் தபால் பையைக் கொண்டு சேர்ப்பது அவள் வேலை. அன்று அவள் நிலையத்து வாசலில் சைக்கிளைச் சாய்த்தபோது வண்டி போய்விட்டிருந்தது, நடைமேடையில் புகை மட்டும் மிச்சம் இருந்தது. முதலில் கடிகாரத்தைக் குறை சொன்னாள். அடுத்த நாள் சைக்கிளின் செயினை, அதற்கடுத்த நாள் தன் வயதை. அப்போது அவளுக்கு முப்பத்தொரு வயதுதான். நான்காம் நாள் இறங்கி நடந்து பார்த்தாள். இரண்டாம் மைல் கல்லுக்கும் மூன்றாம் மைல் கல்லுக்கும் நடுவே, முன்பு இல்லாத ஒரு நீளம் கிடந்தது. மற்ற இடத்தில் இருக்கும் அதே சரளை, அதே வண்டித் தடம். இரு பக்கமும் மரங்கள். அவை வந்து நான்கு நாள்கூட ஆகவில்லை என்றாலும் முப்பது வயது மரங்களாக இருந்தன. அவற்றில் ஒன்றில் தேன்கூடும் இருந்தது.

அந்தக் குடியிருப்பை யாரும் யோசித்து உண்டாக்கவில்லை. குன்றில் சுண்ணாம்புக் கல் இருப்பதைக் கண்டுபிடித்த ஒரு காண்ட்ராக்டர் நாற்பது ஆட்களைக் கொண்டுவந்து கூடாரத்தில் இறக்கினார். கூடாரம் கிழிந்த இடத்தில் தகரம் வந்தது, தகரம் துருப்பிடித்த இடத்தில் சுவர் வந்தது. இரண்டு சூளைகள், ஒரு பள்ளி, ஒரு கடை, தபாலக்காவின் வீட்டு முன்னறையில் ஒரு தபால் கவுண்டர். ஆள் அதிகமாக இருந்த காலத்தில் நூற்றுக்கு இரண்டு மூன்று குறைவு. கிழக்கே இருந்த நகரசபை அந்த இடம் மேற்கு மாவட்டத்தைச் சேர்ந்தது என்றது. மேற்கு மாவட்டம் அது நகரசபைக்கு உட்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது. அதனால் வரி கேட்க யாரும் வரவில்லை, விளக்குப் போடவும் யாரும் வரவில்லை. ஒன்றுக்கொன்று சரியாகப் போயிற்று என்று குடியிருப்பில் இருந்தவர்கள் பெரும்பாலும் திருப்தியாகவே இருந்தார்கள். இரவும் பகலும் எரிந்த சூளையின் வெள்ளைத் தூசு கூரை மேலும், கோழி மேலும், தலைமுடி மேலும் படிந்திருந்ததால் இருபது வயதுக்காரரும் ஐம்பது வயதுக்காரரும் ஒரே வயதாகத் தெரிந்தார்கள். கல் தீர்ந்ததும் சூளை அணைந்தது. அணைந்த மூன்றாம் நாள், பாறைக்கு வெடி வைக்கும் குடும்பம் ஆறு பேராக வண்டியேறிப் போனது.

ஆறு பேர், ஆறு பர்லாங். இந்தக் கணக்கு பிடிபடத் தபாலக்காவுக்கு இரண்டு வருடம் ஆயிற்று. போகிறவர் ஒவ்வொருவருக்கும் சாலை ஒரு பர்லாங், அதாவது மைலில் எட்டில் ஒரு பங்கு, நீளும். செத்துப்போனவர்களுக்கு நீளாது. யாராவது வந்து ஏழு காலைகள் இங்கே விழித்தால் ஒரு பர்லாங் குறையும். பள்ளிக்குப் புதிதாக ஒரு டீச்சர் வந்தபோது அப்படிக் குறைந்தது. ஓரிரு நாள் தங்கிப் போகும் விருந்தாளியைச் சாலை கண்டுகொள்வதே இல்லை. தெரிந்ததும் அதை அவள் எல்லோருக்கும் சொன்னாள். யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. அப்படித்தான் இருக்கும் என்று ஏற்கெனவே நினைத்திருந்தவர்கள்போலத் தலையாட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். நகரத்திலிருந்து ஒரு முறை சர்வேயர் வந்து சங்கிலி போட்டு அளந்தார். ஐந்து மைல் இரண்டு பர்லாங் வந்தது. மீண்டும் அளந்தார், அதே வந்தது. வரைபடத்தை விரித்துப் பார்த்து, மடித்து, "மேப்புல மூணுன்னு இருக்கு. அப்ப மூணுதான்" என்று சொல்லிவிட்டு ஒரு செம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். புதிதாக வந்த நிலம் எந்தப் பத்திரத்திலும் இல்லாததால் அதை உழலாம் என்று சிலர் கிளம்பினார்கள். அவர்களும் அடுத்த வருடம் வண்டியேறிவிட்டார்கள், அந்த நிலம் மேலும் நீண்டது. சாலை ஏழு மைலைத் தொட்டபோது பஸ்காரர்கள் டீசல் கட்டுப்படியாகவில்லை என்று நிறுத்திக்கொண்டார்கள்.

தபாலக்காவின் மகள் பதினேழு வயதில் நகரத்தில் ஒரு தையல் ஆலையில் வேலை கிடைத்துப் போனாள். மறுநாள் பையோடு கிளம்பிய தாய், புதிய நிலத்தின் கடைசியில் அந்தப் பர்லாங்கைப் பார்த்தாள். அதில் ஒரு மரம் சாலையின் குறுக்கே சாய்ந்து நின்றது. உயரமானவர்கள் குனிந்துதான் போக வேண்டும். அவளுக்குக் குனியத் தேவையில்லை. ஆனாலும் அங்கே வரும்போதெல்லாம் சைக்கிளை விட்டு இறங்கினாள். அதற்கப்புறம் போனவர்களின் பர்லாங்குகள் அந்த மரத்தைத் தாண்டி ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே போயின. மகள் வருடத்துக்கு ஒரு முறை வந்தாள், இரண்டு நாள் இருந்தாள், ஆலையில் லீவு கிடைப்பதில்லை என்றாள். அது உண்மைதான். ஏழு காலை அவளால் ஒருபோதும் இருக்க முடிந்ததில்லை. போகும்போது ஒவ்வொரு முறையும் ஒன்றே சொன்னாள்:

"அங்க ஒரு ரூம் இருக்கும்மா. நீயும் அப்பாவும் வந்துடுங்க."

"பார்க்கலாம்" என்பாள் தபாலக்கா. பார்க்கலாம் என்றால் மாட்டேன் என்று பொருள் என்பது இருவருக்கும் தெரியும்.

அவள் கணவர் சூளைக்காரர். நெருப்பின் நிறத்தைப் பார்த்தே கல் வெந்துவிட்டதா என்று சொல்லத் தெரிந்தவர். சூளை அணைந்த நாளிலிருந்து அவருக்குப் பார்க்க எதுவும் இல்லாமல் போயிற்று. நெஞ்சில் தங்கிய சுண்ணாம்பு காலையில் அரை மணி, மாலையில் அரை மணி இருமலாக வரும். மீதி நேரத்தில் தகரக் கூரையைப் பார்த்துப் படுத்திருப்பார், அல்லது ஜன்னலருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். சமைப்பது அவர்தான், நன்றாகவே சமைப்பார். ஆனால் வாசலைத் தாண்டிச் சாலையில் கால் வைத்து இருபது வருடம் ஆகியிருந்தது. சாலை எட்டு மைலைத் தாண்டிய பிறகு தபாலக்காவால் ஒரே நாளில் போய்த் திரும்ப முடியவில்லை. இன்று போவாள், நிலையத்தின் பார்சல் அறையில் மூட்டைகளுக்கு நடுவே படுத்துக்கொள்வாள், நாளை வருவாள், மறுநாள் காலை மறுபடியும் போவாள். கெண்டைக்காலில் நரம்புகள் முடிச்சு முடிச்சாகப் புடைத்தன. உட்கார்ந்தால் எழ மனம் வருவதில்லை, எழுந்தால் உட்கார மனம் வருவதில்லை. தூக்கத்திலும் அவள் கால்கள் மிதித்துக்கொண்டே இருந்ததாக நிலையத்தில் பார்சல் கட்டுகிறவர் சொல்லியிருக்கிறார்.

அவளுக்கு ஐம்பத்து மூன்று வயதானபோது அதுவரை போனவர்கள் மொத்தம் எழுபத்தொரு பேர், வந்து தங்கியவர் டீச்சர் ஒருத்தி. சாலை பதினொரு மைல் ஆறு பர்லாங். குடியிருப்பில் ஒன்பது பேர் மிச்சம்: தபாலக்காவும் கணவரும், மாணவர் யாரும் இல்லாத பள்ளியைத் தினமும் திறந்து பெருக்கிப் பூட்டும் டீச்சர், கிணறு வெட்டும் அண்ணன் தம்பி, இறந்துபோன மேஸ்திரியின் காது மந்தமான மனைவி, கடைக்காரரும் அவர் மனைவியும் அவர்களுடைய ஐந்து வயதுப் பெண்ணும். தபால் இலாகாவில் ஒரு விதி இருந்தது. ரயில் நிலையத்திலிருந்து பன்னிரண்டு மைலுக்கு மேல் உள்ள கவுண்டரை மூடிவிட வேண்டும். இதைக் குடியிருப்பில் எல்லோரும் அறிவார்கள். அந்தக் கவுண்டர் போனால் டீச்சருக்குப் பழைய மாணவர்களின் கடிதம் வராது, அண்ணன் தம்பிக்கு எங்கே கிணறு வெட்டக் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாது, மேஸ்திரி மனைவியின் மகன் உயிரோடு இருக்கிறானா என்பதுகூடத் தெரியாது. அதனால் இரண்டு வருடமாக யாரும் நகரவில்லை. இன்னும் இரண்டு பேர் போனால் பன்னிரண்டு. மூன்று பேர் போனால் முடிந்தது.

கடைக்காரர் போகப்போகிறார் என்ற பேச்சு வந்தது. அலமாரியில் சரக்கு குறைந்துகொண்டே வந்தது, புதிதாக எதுவும் வரவில்லை. நிலையத்திலிருந்து திரும்பிய ஒரு மாலையில் தபாலக்கா முகம் கழுவி, தலை வாரி, அவரைத் தடுத்து நிறுத்துவதற்காகவே கிளம்பினாள். வழியெல்லாம் என்ன சொல்ல வேண்டும் என்று மனதில் ஒத்திகை பார்த்தாள். போனவர்கள் போகட்டும், நாமாவது இருப்போம் என்று தொடங்குவதாக எண்ணம். கடை வாசலில் அவள் வாயைத் திறப்பதற்குள் உள்ளே ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. பெண் குழந்தை தரையில் கிடந்தாள். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது, வாயோரம் நுரை. தாய் அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்துத் தலைக்கடியில் தன் பழைய புடவை ஒன்றைச் சுருட்டி வைத்தாள். அவள் அழவில்லை. ரொம்ப நாள் பழகிய கை அது. கடைக்காரர் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எத்தனை நாளா தம்பி?" என்று தபாலக்கா கேட்டாள்.

"ரெண்டு வருஷமாகுதுக்கா. முதல்ல மாசம் ஒரு தடவை. இப்ப வாரத்துல மூணு நாள். டாக்டர் பக்கத்துலேயே இருக்கச் சொல்றார்."

"ரெண்டு வருஷமா ஏன் வாயே திறக்கலை?"

அவர் மறுபடி கடிகாரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் மனைவிதான் குழந்தையின் முகத்தைத் துடைத்தபடி, தலை நிமிராமல் சொன்னாள்: "நாங்க போனா உங்க ஆபீஸ் போயிடும்னு இவர்தான் சொல்லிக்கிட்டே இருந்தாருக்கா."

தபாலக்கா கொண்டுவந்த பேச்சை விட்டுவிட்டுத் தரையில் அமர்ந்தாள். குழந்தை கண் விழிக்கும்வரை உட்கார்ந்திருந்தாள். விழித்த குழந்தை அவளைப் பார்த்து, "தபால் வந்திருக்கா?" என்று கேட்டது. மறுநாள் தபாலுக்கு விடுமுறை. விடிந்ததும் மறுபடி கடைக்குப் போய், "கிளம்புங்க" என்றாள். கடைக்காரர் தயங்கினார். அவள் தானே அலமாரியிலிருந்த பாத்திரங்களை இறக்கிக் கோணிப்பையில் போட ஆரம்பித்தாள். வண்டியில் குழந்தையைத் தூக்கி உட்கார வைத்ததும் அவள்தான். மறுநாள் பையோடு போனபோது புதிதாக மூன்று பர்லாங் கிடந்தது. பெரிய இரண்டும் தட்டையான தரை, மரங்கள் நெருக்கம். மூன்றாவது சின்னக் குழந்தையினுடையது என்றாலும் நீளத்தில் குறைவில்லை.

வருடாந்தரப் படிவம் வந்தபோது தூரம் என்ற கட்டத்தில் அவள் பன்னிரண்டு மைல் ஒரு பர்லாங் என்று எழுதினாள். குண்டு குண்டான எழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினாள். கணவர் ஸ்டூலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"பன்னிரண்டுன்னு எழுதிட்டுப் போறது. எவன் வந்து அளக்கப்போறான்?"

"இருக்கறதைத்தானே எழுத முடியும்" என்றாள்.

இன்ஸ்பெக்டர் வந்தார். தபால் இலாகா வரைபடத்தை நம்புவதில்லை. அதற்கென்று கைப்பிடி வைத்த ஓர் அளவுச் சக்கரம் வைத்திருந்தது. அதை நடந்தபடியேதான் உருட்ட வேண்டும் என்பது விதி. இன்ஸ்பெக்டர் ஐம்பதைத் தாண்டிய கனத்த மனிதர், விதிக்குக் கட்டுப்பட்டவர். ஒரு கையில் குடை, ஒரு கையில் சக்கரம் என்று விடியலில் புறப்பட்டு, பொழுது சாயும் நேரத்தில் வந்து சேர்ந்தார். சக்கரம் பன்னிரண்டு மைல் ஒரு பர்லாங் காட்டியது. குதிகாலில் இரண்டு கொப்புளம் உடைந்திருந்தது, கண் சிவந்திருந்தது. மூடும் உத்தரவைப் பையிலிருந்து எடுக்கப் போனவர், ஒரு நிமிஷம் என்று கவுண்டரைப் பிடித்துக்கொண்டு, அப்படியே சரிந்து உட்கார்ந்தார். உடம்பு அடுப்பாகக் கொதித்தது.

முன்னறையில் கவுண்டருக்கும் சுவருக்கும் இடையே கட்டில் போட்டு அவரைப் படுக்கவைத்தார்கள். தபாலக்கா வழக்கம்போல ஒரு நாள் போவதும் ஒரு நாள் வருவதுமாக இருந்ததால் அவரைப் பார்த்துக்கொண்டது சூளைக்காரர்தான். ஈரத்துணி மாற்றினார், வெந்நீர் வைத்தார், குழைந்த சோறு ஊட்டினார், கொப்புளத்துக்கு மருந்து போட்டார். நெருப்பைப் பார்த்தே பழகிய மனிதர். காய்ச்சல் எப்போது ஏறும் எப்போது இறங்கும் என்று நெற்றியைத் தொடாமலே சொன்னார். சக்கரம் மூலையில் சாய்ந்து நின்றது, உத்தரவு பைக்குள் இருந்தது. எட்டாம் நாள் தபாலக்கா நிலையத்துக்குப் போனபோது வண்டிக்கு நேரம் மிச்சமிருந்தது. சாலையில் ஒரு பர்லாங் குறைந்திருந்தது. கால்கள் அவளுக்கு முன்பே கண்டுகொண்டன. ஏழு காலை இங்கே விழித்திருக்கிறார் மனிதர். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பத்தாம் நாள் இன்ஸ்பெக்டர் எழுந்து நடந்தார். அன்று தபாலக்கா போகிற நாள், அதனால் இருவரும் சேர்ந்தே புறப்பட்டார்கள். திரும்பும்போதும் அளக்க வேண்டும், இரண்டில் எது குறைவோ அதைப் பதிய வேண்டும் என்பதும் விதி. அவர் சக்கரத்தை உருட்ட, அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் நடந்தாள். சாய்ந்த மரத்தடியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்கள். அவர் தன் மனைவியைப் பற்றியும், மாடிப்படி ஏறினால் அவளுக்கு மூச்சு வாங்குவதைப் பற்றியும் சொன்னார். மாலையில் நிலையத்து வாசலில் சக்கரத்தை நிறுத்திக் குனிந்து பார்த்தார். பன்னிரண்டு. ஒரு பர்லாங்கும் இல்லை, ஒரு கஜமும் இல்லை.

"வரும்போது ஒரு பர்லாங் கூடக் காட்டிச்சே" என்றார்.

"இப்ப காட்டலை சார்."

அவர் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். முள் சரியாகவே நகர்ந்தது. பிறகு அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அவருக்கு என்ன புரிந்தது என்று சொல்ல முடியாது. உத்தரவை எடுத்து நான்காகக் கிழித்துப் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டார்.

"நான் இருக்கிறவரைக்கும் உங்க ஆபீசை யாரும் மூட முடியாதும்மா. சந்தோஷம்தானே?"

"சந்தோஷம் சார்" என்றாள் தபாலக்கா.

அவர் ரயிலேறிப் போனார். மறுநாள் அவள் திரும்பி வந்த சாலை பன்னிரண்டு மைல் ஒரு பர்லாங்.

அன்று வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கழற்றவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செய்தியைக் கேட்டு டீச்சரும் அண்ணன் தம்பியும் வந்து சந்தோஷப்பட்டுவிட்டுப் போனார்கள். மேஸ்திரி மனைவி அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எல்லோரும் போன பிறகு கணவர் தட்டை வைத்தார். அவள் தொடவில்லை.

"என்ன?" என்றார்.

"மூடிடுவாங்கன்னு இருந்தேன்" என்றாள்.

அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"கடைக்காரரை அனுப்பினது அந்தக் குழந்தைக்காகத்தான். பொய் இல்லை. ஆனா படிவத்தை எழுதும்போது வேற நினைப்பு இருந்திச்சு. மேல இருந்து உத்தரவு வந்துட்டா யாரும் என்னைக் குத்தம் சொல்ல முடியாது. பெட்டியைக் கட்டிக்கிட்டு மகள்கிட்ட போயிடலாம். எட்டாம் நாளே தெரியும், ஒரு பர்லாங் குறைஞ்சிருக்குன்னு. நீங்க போனா மறுபடி நீண்டுடும்னு வழியெல்லாம் அவர்கிட்ட சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வந்திச்சு. சொல்லலை. டீச்சர் முகம் ஞாபகம் வந்திச்சு." பையை மடியிலிருந்து கீழே வைத்தாள். "என்னால முடியலைங்க."

இருபத்திரண்டு வருடத்தில் அவள் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சூளைக்காரர் குனிந்து அவள் செருப்பின் வாரைக் கழற்றினார். பாதத்தைத் தன் முழங்கால் மேல் எடுத்து வைத்துப் பார்த்தார். அது அவருக்குத் தெரிந்த பாதமாக இல்லை.

"அப்ப போயிடலாம்" என்றார்.

"போனா இவங்க நாலு பேருக்கு யார் கொண்டுவந்து குடுப்பா?"

அவருக்கு இருமல் வந்தது. இருமி முடித்து, ஆறிப்போன சோற்றைச் சூடாக்கிக் கொண்டுவந்தார். அவள் சாப்பிட்டாள்.

அடுத்த வாரம் அவள் நிலையத்துக்குப் போயிருந்த நாளில் சூளைக்காரர் அண்ணன் தம்பியின் தள்ளுவண்டியைக் கேட்டு வாங்கினார். கட்டில், இரண்டு பானை, ஒரு அடுப்பு, ஸ்டூல். இருபது வருடத்துக்குப் பிறகு சாலையில் கால் வைத்தார். நூறு அடிக்கு ஒரு முறை நின்று இருமினார். தம்பி வண்டியைத் தள்ள, அண்ணன் அவரைத் தாங்கிக்கொண்டான். ஆறாம் மைலில், யாருடைய பத்திரத்திலும் இல்லாத நிலத்தில், சாலையோரம் நான்கு கம்பு நட்டுப் பழைய தகரத்தைக் கூரையாகப் போட்டார்கள். அண்ணன் தம்பி மூன்று நாளில் ஒரு கிணறு வெட்டினார்கள். பதினோராவது அடியிலேயே தண்ணீர் வந்தது. அதற்குப் பிறகு சூளைக்காரர் அங்கேயே தங்கிவிட்டார். தபாலக்கா போகிற நாளிலும் நண்பகலில் அங்கே வருவாள், வருகிற நாளிலும் நண்பகலில் அங்கே வருவாள். வெந்நீரில் கால் வைத்துக்கொண்டு சாப்பிடுவாள், ஒரு மணி நேரம் தூங்குவாள். அவர் அதற்குள் சைக்கிளுக்கு எண்ணெய் போட்டு, காற்று இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்து வைப்பார். முன்பு ஒரு நாள் விட்டு ஒரு நாள் பார்த்துக்கொண்டவர்கள், இப்போது தினமும் பார்த்துக்கொண்டார்கள். சில நாள் பேசிக்கொண்டார்கள். பெரும்பாலும் அவள் தூங்கினாள், அவர் சாலையின் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் அங்கே படுக்க ஆரம்பித்த வாரத்தில் சாலை அரை பர்லாங் நீண்டது. தபாலக்கா வந்து சொன்னதும் அண்ணன் தம்பி கிணற்றுக் கயிற்றை எடுத்துப்போய் இரண்டு தடவை அளந்தார்கள். சரியாக அரைதான். மேஸ்திரி மனைவியின் காதில் டீச்சர் உரக்கச் சொல்லிப் புரியவைத்தாள். அவள் சற்று யோசித்துவிட்டு, அவர் பாதி தூரம்தானே போயிருக்கிறார், அது நியாயம்தான் என்றாள். மற்றவர்களும் ஒப்புக்கொண்டார்கள். அடுத்த படிவத்தின் தூரக் கட்டத்தில் தபாலக்கா இந்த முறை பன்னிரண்டு என்று மட்டும் எழுதி அனுப்பினாள். அந்த அரை பர்லாங் கொஞ்சம் மேடாக இருக்கிறது. அங்கே அவள் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறாள்.